செத்தவர் வெள்ளி

கவனா கடை, கறுப்பாறு, விஸ்கான்சின்
2 செப்டம்பர் 1857

அன்புள்ள குன்வோர்,

நான்தான், தார்யே. கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதே, யாரோ ஏமாற்றுகிறான் என்று நினைத்துவிடாதே. உனக்கு அச்செழுத்துதான் வாசிக்க வரும், கையெழுத்து வராது என்பதை நான் மறக்கவில்லை. பிர்கித் வாசித்துக் காட்டுவாள். நான் கப்பல் ஏறியபோது அவளுக்குப் பத்து வயது. இப்போது உன்னைவிட உயரமாகியிருப்பாள்.

ஏழு வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தே ஒரு மாதம் போய்விட்டது, ஆகையால் நேராகவே சொல்லிவிடுகிறேன். இங்கே மரம் வெட்டும் முகாமில் சேர்ந்த இரண்டாவது குளிர்காலம், ஓர் அடிமரம் உருண்டு என் வலது கைமேல் ஏறிவிட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். இடது கையால் எழுதப் பழக இரண்டு வருஷம் ஆனது. அதற்கு முன்னும் பின்னும் எழுதாததெல்லாம் வெட்கம்தான் குன்வோர், வேறொன்றுமில்லை. நிலம் வாங்கி உன்னை அழைத்துக்கொள்கிறேன் என்று மார்தட்டிவிட்டு வந்தவன், முகாமில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று எந்தக் கையால் எழுதுவது? நம் ஊர்க்காரர்கள் குடியேறிய பக்கமே போகாமல், ஐரிஷ்காரர்களோடு கிடந்தேன். என்னைப் பற்றி ஒரு பேச்சும் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்காது.

இப்போது எனக்கென்று ஒரு மரவீடு இருக்கிறது. சின்ன நிலம், ஒரு பசு. பசுவுக்கு உன் பெயரை வைக்கலாமா என்று நினைத்தேன், நீ வந்து உதைப்பாய் என்று விட்டுவிட்டேன். வசந்தத்தில் கிளம்பி வாருங்கள், இரண்டு பேரும். கடிதங்களை இங்கே கடை வைத்திருக்கும் ஐரிஷ்காரர் கவனா வாங்கிவைப்பார்.

உன் தார்யே


ஹோவ்தால், தெலமார்க்
20 அக்டோபர் 1857

அன்புள்ள அப்பாவுக்கு,

பிர்கித் எழுதுகிறேன். உங்கள் கடிதம் கையில் கிடைத்ததும் தேவாலயத்துச் சுவர் ஓரமாகப் போய் நின்று வாசித்தேன். வாசித்து முடித்ததும் மலைப்பக்கம் ஓடினேன். சந்தோஷத்தில் என்று சொல்ல ஆசைதான்.

அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. அம்மா இப்போது ஸ்வேனுங்கின் மனைவி. இரண்டு வருஷம் ஆகிறது. சென்ற நவம்பரில் ராக்னில் பிறந்தாள், எனக்குத் தங்கை.

எழுந்து கத்தாதீர்கள். முதலில் இதை முழுக்க வாசியுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு கரடி வந்தது. வெறும் கரடி இல்லை, கரடித் தோலுக்குள் புகுந்த மனிதன் என்றார்கள். ஆறு பேர் சுட்டார்கள், ஈயக் குண்டு ஏறவில்லை. பதினொரு மாடு போயிற்று. பிறகு, மேல்வீட்டு மார்கித் மலைமேல் மாடு மேய்க்கப் போனவள் ஒரு கையோடு திரும்பி வந்தாள். அதற்கப்புறம் வெள்ளிக் குண்டுதான் வேண்டும் என்று ஊர் முடிவுகட்டியது. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, செத்தவர் வெள்ளியாகத்தான் இருக்கவேண்டும். உடையவர் மண்ணுக்குள் போய், வாரிசுக்கு வந்து சேர்ந்த வெள்ளி. உயிரோடு இருப்பவருடையது எதற்கும் உதவாது. ஓலாவ் தன் தாத்தாவின் கரண்டியைக் கொடுத்தார். ஸ்வேனுங் அதை உருக்கிச் சுட்டார், தப்பிவிட்டது. மேல்வீட்டார் வெள்ளிச் சட்டையூசி ஒன்றைக் கொடுத்தார்கள். அதுவும் தப்பியது. "உங்க தாத்தன் அந்தக் கரண்டிய எங்கயோ சுட்டுட்டு வந்திருப்பான், அதான் குண்டு போகல" என்று ஓலாவை இன்றுவரை கேலி செய்கிறார்கள். மற்றவர்கள் வீட்டு வெள்ளியெல்லாம் பஞ்ச வருஷத்திலேயே விலைக்குப் போய்விட்டது. நம் வீட்டில் மட்டும் இருந்தது, உங்கள் கல்யாணக் கோட்டின் பொத்தான்கள்.

அம்மா கதவைத் திறக்கவே இல்லை. "அவர் செத்தாத்தானேடி அது செத்தவங்க வெள்ளி! உசுரோட இருக்கிற மனுஷனோட பொத்தான நான் எப்படிக் குடுப்பேன்?" என்று இரண்டு வாரம் அதையே சொன்னாள். பிறகு ஒருநாள் காலை அவளாகவே கோட்டை எடுத்து, மூன்று பொத்தானின் நூலை அறுத்து என் கையில் வைத்து மூடினாள். "கொண்டு போய்க் குடு. எனக்கும் தெரிஞ்சாகணும்" என்றாள்.

கரடி விழுந்தால் நீங்கள் இறந்துவிட்டீர்கள். தப்பினால் இருக்கிறீர்கள். அன்றைக்கு ஊர் முழுக்கத் தேவாலயத்தில் முட்டிபோட்டு, அந்தக் கரடி சாகவேண்டும் என்று வேண்டியது. அம்மா ஒருத்திதான் அது பிழைக்கவேண்டும் என்று வேண்டினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அப்பா, நான் அது சாகவேண்டும் என்றுதான் வேண்டினேன். அடுத்த வாரம் மாட்டை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போகவேண்டியவள் நான். எனக்குப் பயமாக இருந்தது.

மாலையில் ஸ்வேனுங் இறங்கி வந்து, "விழுந்திருச்சு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா உள்ளே போய்க் கருப்பு உடுத்திக்கொண்டு வந்தாள்.

போதகர் மூன்று ஞாயிறு உங்கள் பெயரைச் சொல்லி, யாருக்காவது தகவல் தெரியுமா என்று கேட்டார். யார் வாய் திறப்பார்கள்? கரடியே செத்துவிட்டதே! ஒரு வருஷம் கழித்துக் கல்யாணம் நடந்தது.

இப்போது நீங்கள் இருக்கிறீர்கள் என்று நான் வாசித்தால், அந்தக் கல்யாணம் கல்யாணமில்லை, ராக்னில் முறையாகப் பிறந்தவளில்லை. நான் என்ன செய்வேன்?

பிர்கித்


விஸ்கான்சின்
6 டிசம்பர் 1857

பிர்கித்,

அன்புள்ள என்று எழுத இன்றைக்கு மனம் வரவில்லை.

ஸ்வேனுங்கா? என் கல்யாணத்தில் பிடில் வாசித்த ஸ்வேனுங்கா? குடித்துவிட்டு என் தோளில் சாய்ந்து, "குடுத்து வச்சவன்டா நீ" என்று அழுதானே, அப்போதே எனக்குப் புரிந்திருக்கவேண்டும்.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அடுப்பில் போட்டேன், ஓரம் கருகியதும் பதறிப்போய் எடுத்துவிட்டேன். ஏழு வருஷம் எழுதாதவனுக்குக் கோபப்பட உரிமை ஏது என்று கேட்பாய். உரிமை இல்லாவிட்டாலும் கோபம் வருகிறதே.

என் அம்மா, என் பாட்டி யாருடைய வெள்ளியும் இல்லை அது. கல்யாணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னால் தட்டானிடம் நானே நின்று செய்து வாங்கிய பொத்தான்கள். நான் உயிரோடு இருக்கிறேன். இங்கே வெல்லப்பாகு ஊற்றிய கஞ்சியைக் குடித்துவிட்டு, முதுகுவலியோடு உட்கார்ந்து இதை எழுதுவது யார், என் ஆவியா? அப்படியானால் அது உயிருள்ளவன் வெள்ளி. உயிருள்ளவன் வெள்ளியால் அந்தக் கரடி எப்படிச் சாகும்? ஒன்று, நம் ஆட்கள் காலங்காலமாகச் சொல்லிவருவது பொய். இல்லையென்றால் அன்றைக்குச் சுட்டது என் வெள்ளியே இல்லை. துப்பாக்கியில் என்ன போட்டான் என்று அவனைக் கேள். முகத்தைப் பார்த்துக் கேள்.

கேட்டுவிட்டு, என் இரண்டு கடிதங்களையும் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அவள் என் மனைவி. நான் இருப்பதை அவளிடமிருந்து மறைக்க நீ யார்?

நீ கரடிக்குப் பயந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். பதினான்கு வயதில் நானும் பயந்திருப்பேன்.

அப்பா


ஹோவ்தால்
30 ஜனவரி 1858

அன்புள்ள அப்பாவுக்கு,

கேட்டுவிட்டேன். ஸ்வேனுங் கொட்டகையில் பனிச்சறுக்குக் கட்டைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். (நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அப்பா என்று கூப்பிட்டதில்லை.) "அன்னிக்குத் துப்பாக்கியில என்ன போட்டீங்க?" என்றேன். தார்த் தூரிகையைக் கீழே வைத்தார். யார் சொன்னது, ஏன் கேட்கிறாய், எதுவும் கேட்கவில்லை. மூன்று வருஷத்துக்கும் மேலாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஈயம்" என்றார்.

"வெள்ளின்னா என்னன்னு நெனச்ச? ஈயம் சோத்து அடுப்புலயே உருகிடும். வெள்ளிக்கு உலைய மூட்டி, துருத்திய ஊதி ஊதி என் நெஞ்சே காஞ்சுபோச்சு. அச்சுல ஊத்தினா, ஆறும்போது சுருங்கிக்குது. மேலெல்லாம் குழி குழியா. துப்பாக்கிக்குள்ள போட்டா கடகடன்னு ஆடுது. கரண்டியில மிச்சமிருந்த வெள்ளிய துணி சுத்திச் சுட்டுப் பாத்தேன், நாப்பது அடியில இருந்த பிர்ச் மரத்தையே தொடாமப் போச்சு. ஓலாவ் கரண்டி தப்பினது அவன் தாத்தனாலயா? மேல்வீட்டு ஊசி தப்பினது எதனால? எந்தச் செத்தவன் வெள்ளியும் நேராப் போகாது பிர்கித். மத்தவங்க ஈயத்துல சுட்டுத் தப்பினது கை நடுங்கி தூரத்துல இருந்து சுட்டதால. நான் ஈயத்தப் போட்டுக்கிட்டு, அது மூச்சு என் மேல படற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான்."

பிறகு தோள்பையிலிருந்து ஒரு தோல் சுருக்குப்பையை எடுத்து என் கையில் கவிழ்த்தார். உங்கள் மூன்று பொத்தானும் ஒரே உருண்டையாகி இருந்தன. நசுங்கிய காட்டுப்பழம் மாதிரி ஒரு பக்கம் உள்வாங்கி இருந்தது.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் எறங்கி வந்தேன். விழுந்திருச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னதுமே எல்லாரும் கத்த ஆரம்பிச்சாங்க. ஈயம்னா, ஊரு கேட்டத மீறிட்டான்னு அடிப்பாங்களோன்னு பயம். நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். அதுக்குள்ள உங்கம்மா கருப்புத் துணியில வந்து நின்னா." தார்த் தூரிகையை மறுபடி கையில் எடுத்தார். "முதல்ல பயம்தான். அப்புறம் ஆசை."

நீங்கள் இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அவர் முட்டாளில்லை.

அப்பா, இதையும் எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன். அவர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். கல்யாணத்துக்கு முன்பே இரண்டு குளிர்காலம் வைக்கோலை முதுகில் சுமந்துகொண்டுவந்து நம் மாட்டைக் காப்பாற்றினார். அம்மாவுக்கு ராக்னில் பிறந்தபோது பனிப்புயலில் மருத்துவச்சியைத் தூக்கிக்கொண்டே வந்தார். பொய்யும் சொன்னார். நீங்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் இங்கே இல்லை. இரண்டில் எது பெரிய தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா இன்னும் உங்கள் பெயரைச் சொல்லமாட்டாள். "அந்த மனுஷன் இருந்தா இத எப்படிப் பண்ணியிருப்பாரு தெரியுமா" என்று ஆரம்பிப்பாள். ஸ்வேனுங் எழுந்து வெளியே போய்விடுவார்.

எனக்குப் பதினெட்டு வயது. இதைத் தனியாகச் சுமக்க முடியவில்லை. வாசி என்று எழுதுங்கள், வாசிக்கிறேன். வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் எரித்துவிடுகிறேன். உங்கள் பதில் வரும்வரை நான் வாய் திறக்கமாட்டேன்.

உங்கள் பிர்கித்


விஸ்கான்சின்
25 மார்ச் 1858

என் கண்ணே பிர்கித்,

வேண்டாம். வாசிக்காதே.

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் அந்த ஸ்வேனுங்கை நான் கொல்லாத விதம் இல்லை. நான்காம் நாள் பசுவுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் முதுகில் சுமந்து வந்த வைக்கோலை நினைத்தேன். அதோடு கோபம் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

அவன் ஒருநாள் சொல்லாமல் விட்டான், அது மூன்று வருஷத்துக்கும் மேலாக வளர்ந்தது. என்னுடையதும் அப்படித்தான். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று ஏழு வருஷம். அவனைக் கழுவேற்ற நான் யார்? கரடியைக் கொன்றது ஈயம்தான். ஆனால் என்னைக் கொன்றது அவன் இல்லை மகளே, அந்த வேலையை நானே செய்துகொண்டேன்.

உன் அம்மா எனக்காக ஒருமுறை கருப்பு உடுத்தி அழுது முடித்துவிட்டாள். மறுபடியும் அவளை எதற்குக் கிளறவேண்டும்? அந்தச் சின்னக் குழந்தை என்ன பாவம் செய்தது, அவளுக்கு அப்பன் பெயர் இல்லாமல் போக?

நான் இங்கே இருந்தால் ஒருநாள் மனசு கேட்காமல் மறுபடியும் எழுதிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ஆகையால் வீட்டையும் பசுவையும் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை மேற்கே தண்டவாளம் போடப் போகிற கூட்டத்தோடு போகிறேன், வேறு பெயரில். எங்கே என்று எழுதமாட்டேன். எனக்கு வரும் கடிதத்தை, ஆள் இறந்துவிட்டான் என்று எழுதித் திருப்பி அனுப்பக் கவனாவிடம் சொல்லிவிட்டேன். நம் பக்கத்து ஆட்கள் யாராவது தேடி வந்தாலும் அதையே சொல்லவேண்டும். அவருக்கு நம் மொழி ஒரு எழுத்தும் தெரியாது. ஆகவே நம் மொழியில் 'செத்துட்டான்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு நன்றாகவே வந்தது. நான் சிரித்துவிட்டேன்.

கடிதங்களை எரித்துவிடு. மலைக்குப் போகும்போது பயப்படாதே.

அப்பா


ஹோவ்தால்
9 மே 1858

அப்பா,

அம்மா கிளம்பிவிட்டாள்.

நான் வாய் திறக்கவில்லை, சத்தியமாக. ஈஸ்டருக்கு மறுநாள், சாப்பாட்டு மேசையில், ஸ்வேனுங்தான் சொன்னார். நான் கேட்ட நாளிலிருந்து அவர் ஒழுங்காகத் தூங்கவில்லை. "குன்வோர், அந்தக் கரடிய நான் ஈயத்துல சுட்டேன்" என்றார். அம்மா தட்டை ரொட்டியை ஒடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் ஒடித்து முடித்துவிட்டு, "அப்ப அவரு சாகலையா?" என்றாள். "தெரியாது. செத்தாருன்னும் தெரியாது, அவ்வளவுதான்" என்றார். அம்மா என் பக்கம் திரும்பினாள். என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டியின் அடியிலிருந்து உங்கள் இரண்டு கடிதங்களையும் எடுத்துவந்து வாசித்தேன்.

முதல் கடிதத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். முதலில் கேட்டது என்ன தெரியுமா? "கை ரொம்ப வலிச்சிருக்கும் இல்ல?" அப்புறம்தான் அழுதாள். "ரெண்டு விரல் போனதுக்கா... இல்ல மூணு... அதுக்காடி ஏழு வருஷம் ஒளிஞ்சிருந்தாரு? நான் என்ன அவரு விரலையா கட்டிக்கிட்டேன்? மடையன். சுத்த மடையன்." இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள் அப்பா. உங்களை மடையன் என்று திட்டத் திட்ட அவள் முகத்தில் பத்து வயது குறைந்தது. நான் அந்த முகத்தைக் கடைசியாகப் பார்த்தது நீங்கள் இருந்தபோதுதான்.

நான் தடுத்தேன். பதில் வரட்டும் என்றேன். "அவரு பதில நம்பி உக்காந்தா இன்னும் ஏழு வருஷம் ஆகும். நேர்ல போயி ரெண்டு அறை விடணும், மத்ததெல்லாம் அப்புறம்" என்றாள். ராக்னிலைக் கப்பலில் கொண்டுபோக முடியாது, வழியில் குழந்தைகள் சாகின்றனவாம். என்னிடம் விட்டுவிட்டாள். கிளம்பும்போது குழந்தையின் உள்ளங்காலை முத்தமிட்டுக்கொண்டே இருந்தாள். ஸ்வேனுங்தான் ஷியன் துறைமுகம் வரை கூடப் போய்க் கப்பலேற்றினார். இருவரும் வழியில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்ததும் ராக்னிலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கப்பல் ஏப்ரல் இருபத்தேழாம் தேதி கிளம்பியது. உங்கள் கடிதம் மே ஆறாம் தேதி வந்தது. ஒன்பது நாள். நீங்கள் ஒன்பது நாள் முன்னால் நல்லவராகியிருக்கக் கூடாதா? இல்லை, இன்னும் கொஞ்ச நாள் கோபமாகவே இருந்திருக்கக் கூடாதா?

இந்தக் கடிதம் தபால் கப்பலில் அம்மாவுக்கு முன்னால் வந்துவிடும். வந்து என்ன? கவனா திருப்பி அனுப்பிவிடுவார். இங்கே ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவருமில்லை. போதகருக்கு ஜெர்மனும் லத்தீனும்தான் தெரியும். ஆனாலும் உறைமேல் நம் மொழியிலேயே பெரிதாக எழுதியிருக்கிறேன், திருப்பாதீர்கள், அவரைத் தேடுங்கள், அவர் மனைவி வருகிறாள் என்று. நீங்கள் வேலை செய்யும் தண்டவாளத்துப் பக்கம் நம் ஊர்க்காரன் ஒருவனாவது இருப்பான், எப்படியாவது ஒருவன் கையில் இது சிக்கும் என்று எழுதுகிறேன். வேறு என்ன செய்வது?

கவனா கடை என்று பெரிய அச்செழுத்தில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அம்மா அதைச் சொல்லிக் கேட்கப் பழகிக்கொண்டு போயிருக்கிறாள். ஜூலையில் அந்தக் கடைக்கு வந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்பாள். கவனாவுக்கு நம் மொழி தெரிந்திருக்கிறதே என்று ஒரு நொடி சந்தோஷப்படுவாள். அந்த ஒரு சொல்லை நன்றாக உச்சரிக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அப்பா, இதற்குப் பதில் எழுதவேண்டாம். அந்தக் கடை வாசலில் போய் நில்லுங்கள்.

பிர்கித்